நாற்பத்திரண்டு சன்னமும் ஒரு பொன்னாடையும்

என்ரை மச்சான் அருட்செல்வத்தின்ரை வாய்க்குப் போட ஒஸ்லோவிலை ஒரு கடையிலையும் பூட்டு இல்லை. இருந்திருந்தால் இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பொங்கலுக்கு முதலே வாங்கிப் போட்டிருப்பன். நடந்ததைச் சொல்லுறன், எனக்குக் கோவம் வந்தது பிழையோ எண்டு நீங்களே சொல்லுங்கோ.

நான் இரவீந்திரன். கட்டுப்பல் செய்யிறது என்ரை தொழில். பல் டொக்டர்மார் ஆக்களின்ரை வாயிலை அச்செடுத்து அனுப்புவினம், நாங்கள் அந்த அச்சைப் பாத்து ஆய்வுகூடத்திலை பல்லுச் செய்து குடுப்பம். எனக்குப் பக்கத்து மேசை டோர்ஸ்டைன் எண்டு ஒரு நொர்வேக்காரன். நல்ல மனிசன், ஆனா வாயைத் திறக்க மாட்டான். அவன் ஐஞ்சு வருசத்திலை என்னோடை கதைச்ச கதையை எங்கடை மச்சான் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியிறதுக்குள்ளை கதைச்சுப் போடுவார்.

அந்த டோர்ஸ்டைன்தான் ஒரு சனிக்கிழமை என்னைத் தங்கடை கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். பழங்காலத்துத் துவக்கை வைச்சுக் கடதாசி வட்டத்துக்குச் சுடுற கழகம். எனக்கு ஊரிலை துவக்கெண்டால் என்ரை நெஞ்சுக்கு நேரை நீட்டினதுதான் தெரியும். ஆர் நீட்டினவை எண்டு கேக்காதேங்கோ, எல்லாரும் நீட்டினவை. அண்டைக்கு முதல் தரமா ஒரு துவக்குக்குப் பின்பக்கத்திலை நிண்டு பாத்தன். சுட்டு முடிய, இன்னொருக்காச் சுடலாமோ எண்டு நானே கேட்டன். அடுத்த சனிக்கிழமையும் போனன், அதுக்கடுத்ததும் போனன்.

பேந்து சொந்தமா ஒண்டு வாங்கப் பொலிஸுக்கு விண்ணப்பம் குடுத்தன். என்னத்துக்குத் துவக்கு எண்டு கேட்டினம். கடதாசியைச் சுட எண்டு சொன்னன். நம்பிச்சினம். ஒரு மாசத்திலை தபாலிலை ஒரு சின்ன அட்டை வந்தது, அதிலை என்ரை பேரும் துவக்கின்ரை இலக்கமும். குடியுரிமை கிடைச்ச அண்டைக்கு நான் அழேல்லை. அந்த அட்டை வந்த அண்டைக்குக் குளியலறைக்குள்ளை போய்க் கதவைச் சாத்திப்போட்டு அழுதனான். இந்த மனிசன்ரை கையிலை துவக்கு இருக்கலாம், ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை எண்டு ஒரு அரசாங்கம் என்னைப் பற்றி எழுதித் தந்திருக்கு. என்ரை மனிசி சிவகாமிக்கு இது விளங்கேல்லை. துவக்கு வாங்கினதுக்கு அழுகிற ஆம்பிளையை இப்பதான் காணுறன் எண்டா.

துவக்குக்கு நூற்று முப்பது வயசு. ஒரு நேரம் ஒரு ரவைதான் போடலாம். சுட்டால், பின்பக்கத்தைத் திறந்து, வெறுங்கோதை எடுத்து, அடுத்ததைக் கையாலை வைச்சு, திரும்பப் பூட்ட வேணும். இதோடை சண்டைக்குப் போனால் எதிரி சாப்பிட்டுக் கை கழுவிப்போட்டு வந்து பிடிச்சுக்கொண்டு போவான்.

இதுக்குக் கடையிலை விக்கிற சன்னம், அதுதான் ரவையின்ரை முனையிலை இருந்து பறக்கிற ஈயக்குண்டு, பொருந்தாது. அந்தக் காலத்திலை செய்த துவக்கு ஒவ்வொண்டுக்கும் ரவை இருக்கிற அறை ஒவ்வொரு அளவு, மனிசற்றை வாயைப் போலைதான். அதாலை நாங்களே ஈயத்தை உருக்கி, அச்சிலை ஊத்தி, சன்னம் வார்க்கிறது. வார்க்கிற வேலை முழுக்க ஒஸ்லோவுக்கு வெளியிலை டோர்ஸ்டைன்ரை தோட்டத்துக் கொட்டிலிலைதான். ஈயப்புகை கூடாது, வீட்டிலை உருக்கிறவன் விசரன். நான் விசரன் இல்லை, இதையும் எழுதி வையுங்கோ.

முதல் வார்த்தது மெலிஞ்சு போச்சு. அறைக்குள்ளை விட்டால் அதுபாட்டுக்கு லொடலொடவெண்டு ஆடுது, சுட்டால் கடதாசியிலை பக்கவாட்டிலை போய்ப் படுக்குது. டோர்ஸ்டைன்ரை இன்னொரு அச்சிலை வார்த்துப் பாத்தன். அது தடிச்சுப் போச்சு, பின்பக்கம் பூட்டுப்படாது. டோர்ஸ்டைன் தோளைக் குலுக்கிப்போட்டு, இந்தத் துவக்கு இப்பிடித்தான் எண்டான். எனக்கு மூக்குக்கு மேலை கோவம் வந்திட்டுது. இருவது வருசமா அளவில்லாத வாயளுக்குப் பல்லுச் செய்யிறன், ஒரு இரும்பு வாய் எனக்குக் கணக்கில்லை எண்டு சொல்லுதோ?

அடுத்த நாள் பல் அச்செடுக்கிற றப்பர்க் களியை அந்த அறைக்குள்ளை விட்டு, இறுகினாப் போலை இழுத்தெடுத்தன். அறை எங்கை முடியுது, குழலுக்குள்ளை வெட்டின வரி எங்கை தொடங்குது எல்லாம் அப்பிடியே களியிலை வந்திட்டுது. அதை அளந்து, மெலிஞ்ச அச்சின்ரை உள்பக்கத்தை மினுக்கிற பசையாலை மயிரளவு மயிரளவா உரஞ்சிப் பெருப்பிச்சன். வார்த்த சன்னத்தை மெழுகுதிரிப் புகையிலை கறுப்பாக்கி உள்ளை விட்டு எடுத்தால், எங்கை முட்டுதோ அங்கை கறுப்பு அழிஞ்சிருக்கும். கட்டுப்பல்லு எங்கை உயரமெண்டு கடிதாள் வைச்சுப் பாக்கிறதும் இதே வித்தைதான். ஐப்பசியிலை தொடங்கி மார்கழி வரைக்கும் இதுதான் என்ரை தவம். கடைசியிலை பெருவிரலாலை தள்ளினால் போய், வரியிலை மெல்லமா முட்டி நிக்கிற மாதிரி நாற்பத்திரண்டு சன்னம் சரிவந்தது. டோர்ஸ்டைன் ஒண்டை எடுத்து விட்டுப் பாத்துப்போட்டு, ஆனியிலை துரொண்ட்ஹெய்மிலை நடக்கிற போட்டிக்குக் கழகத்தின்ரை அணியிலை என்ரை பேரையும் எழுதினான். அவனுக்கு அது ஒரு பெரிய பேச்சு.

இப்ப மச்சான். சிவகாமியின்ரை தமையன். எங்கடை ஊர்ச்சங்கத்தின்ரை ஒஸ்லோக் கிளைத் தலைவர். பகலிலை பேருந்து ஓட்டுறவர், மற்ற நேரமெல்லாம் மைக்கைப் பிடிக்கிறவர். மனம் கெட்டதில்லை. ஆனா அவற்றை வாயிலை ஒரு சாமான் உள்ளை போனால் வெளியிலை வரேக்கை பத்தா வரும். மார்கழியிலை ஒருநாள் எங்கடை மாடியின்ரை நிலக்கீழ் அறைக்கு ஒரு கதிரை எடுக்க வந்தவர், நான் சன்னங்களைத் துடைச்சுப் பெட்டியிலை அடுக்கிறதைக் கண்டிட்டார். ஒண்டைக் கையிலை எடுத்து உருட்டிப் பாத்தார், கண் விரிஞ்சு போச்சு. நீரே செய்தனீர், உம்மடை கையாலையோ எண்டு மூண்டு தரம் கேட்டார். நான் எல்லாத்தையும் விளங்கப்படுத்தி, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டும் சொன்னன். எனக்குத் தெரியாதே எண்டு தோளிலை தட்டினார். நுணல் தன்ரை வாயாலை கெடும் எண்டுவினம். எங்கடை நுணல் தன்ரை வாயாலை என்னைக் கெடுத்தது.

பொங்கல் விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்திலை. முந்நூறு சனம். சின்னப் பிள்ளையளின்ரை நடனம், றோல்ஸ், வடை, நன்றியுரைக்கு முதல் கௌரவிப்பு. வருசா வருசம் நாலு பேருக்குப் பொன்னாடை போத்துவினம். அந்த வருசம் நாலாவது பேர் என்ரை பேர். மேடைக்குப் போனன். அங்கை பாத்தால் ஒரு பித்தளைத் தட்டத்திலை வெற்றிலை பரப்பி, அதுக்கு மேலை என்ரை நாற்பத்திரண்டு சன்னமும், ஒவ்வொண்டின்ரை தலையிலையும் ஒரு சந்தனப் பொட்டு, நடுவிலை குங்குமம். நிலக்கீழ் அறைத் திறப்பைச் சிவகாமிதான் தமையனுக்குக் குடுத்தவவாம். ஏதோ ஆச்சரியம் குடுக்கப் போறார் எண்டு நினைச்சாவாம்.

மச்சான் மைக்கைப் பிடிச்சார். அவர் மேடையிலை எங்களைப் போலை கதைக்க மாட்டார், அந்தத் தமிழ் வேறை. "ஒஸ்லோ மாநகரிலே, எவருக்கும் தெரியாமல், இரவு பகலாக, தன் இல்லத்திலேயே ஆயிரமாயிரம் சன்னங்களை வார்த்தெடுக்கும் எங்கள் மண்ணின் மைந்தன், இலக்குத் தவறாத வீரன், எங்கள் இரவீந்திரன்" எண்டார். சனம் கை தட்டிச்சுது. பொன்னாடை விழுந்தது, படம் எடுத்தாச்சு. பேந்து தட்டத்தைச் சனத்துக்குள்ளை பாக்கச் சொல்லி விட்டினம். திரும்பி வரேக்கை அதிலை ஒன்பது சன்னமும் வெற்றிலையும்தான் கிடந்தது. மூண்டு மாசத் தவம் சந்தனத்தோடை முப்பத்திமூண்டு சட்டைப்பைக்குள்ளை போச்சுது.

அது காணாதெண்டு, மச்சான் தன்ரை பேச்சை ஒரு சொல்லும் விடாமல் தட்டி, படத்தோடை சங்கத்தின்ரை இணையத்தளத்திலை போட்டார். இரண்டு கிழமையிலை என்ரை வீட்டு வாசலிலை இரண்டு பொலிஸ். எங்கடை ஆள் ஒருத்தர்தான் சொல்லியிருக்க வேணும், வேறை ஆருக்குத் தமிழ் தெரியும்? நல்ல மரியாதையான பொலிஸ். சப்பாத்தைக் கழட்டவோ எண்டு கேட்டினம். இரும்பு அலுமாரியைத் திறக்கச் சொல்லிச்சினம். துவக்கை ஒரு நீளப் பைக்குள்ளை வைச்சினம். அட்டையையும் தரச் சொல்லிச்சினம். துவக்கைக் குடுக்கேக்கை தாங்கினன். அட்டையைக் குடுக்கேக்கை அதிலை இருந்த என்ரை பேரை ஒருக்காத் தடவிப் பாத்துப்போட்டுத்தான் நீட்டினன். மேல்மாடி மனிசி படியிலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவ. அண்டையிலை இருந்து அவ என்னோடை மின்தூக்கியிலை ஏறுறேல்லை.

மற்றக் கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டினம். ஒரு பொம்பிளை அதிகாரி, ஐம்பது வயசு வரும், சத்தமில்லாமல் கதைக்கிறவ. மச்சான்ரை பேச்சை நொர்வேஜிய மொழியிலை எழுதி வைச்சிருந்தா. யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு எழுத்தும் பிசகாமல் செய்திருக்கிறார். எவருக்கும் தெரியாமல். இரவு பகலாக. ஆயிரமாயிரம். ஒவ்வொண்டுக்கும் கீழை அவ கோடு கீறியிருந்தா. இது எங்கடை வழக்கம், மேடையிலை இப்பிடித்தான் சொல்லுறது எண்டு நான் சொல்லச் சொல்ல எனக்கே அது களவு செய்தவன்ரை கதை மாதிரிக் கேட்டது. ஈயத்தை வார்க்கிறது குற்றம் இல்லை எண்டா அவ. ஆயிரம் வார்த்தால் அது ஆருக்கு எண்டதுதான் கேள்வியாம். நாற்பத்திரண்டு எண்டு நான் சொன்னால் நாற்பத்திரண்டையும் கொண்டுவந்து காட்ட வேணும். ஆயிரம் எண்டு சொன்ன ஆளும் வந்து, ஏன் அப்பிடிச் சொன்னவர் எண்டு சொல்ல வேணும். இல்லாட்டி அட்டை திரும்பக் கிடையாது, இனி ஒருக்காலும் கிடையாது எண்டா.

நான் நேரை மச்சான் வீட்டுக்குப் போனன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்து பொய் சொன்னனான் எண்டு ஒரு வசனம் சொல்லுங்கோ எண்டு கேட்டன். கையைக் கழுவிப்போட்டு வந்து ஆறுதலா இருந்து, அது ஏலாது எண்டார். மேடையிலை சொன்னதைப் பொலிஸிலை போய்ப் பொய்யெண்டு சொன்னால் நாளைக்கு ஆர் தன்ரை சொல்லைக் கேப்பினம் எண்டு கேட்டார். வேணுமெண்டால் சங்கத்தின்ரை கடிதத் தாளிலை, இரவீந்திரன் ஒழுக்கமானவர் எண்டு ஒரு சான்றிதழ் தரலாமாம்.

நான் கத்தினன். நாற்பத்திரண்டை நாற்பத்திரண்டு எண்டு சொன்னால் உங்கடை நாக்கு அழுகிப் போகுமோ எண்டு கேட்டன்.

"பொன்னாடை போத்தேக்கை உள்ளதை உள்ளபடி சொல்லுறதோ?" எண்டார் மச்சான். "உள்ளதைச் சொல்ல ஒரு துவாய் காணும்."

அவர் பகிடிக்குச் சொல்லேல்லை. அதுதான் என்னைக் கூடக் கொதிக்க வைச்சது. போன வருசம் ஒரு மளிகைக் கடைக்காரரை வணிகப் பேரரசர் எண்டவர், அதுக்கு முதல் வருசம் பொங்கல் மலரிலை ஒரு கவிதை எழுதின பொம்பிளையைக் கவிக்கடல் எண்டவர். கேட்ட ஒருத்தரும் அந்தக் கடைக்காரற்றை கடையளை எண்ணிப் பாக்கேல்லை. எங்கடை சனத்துக்குள்ளை அது ஒரு கணக்கு, கேக்கிறவை தாங்களாக் கழிச்சுப்போட்டுக் கேப்பினம். பொலிஸுக்கு அந்தக் கழிக்கிற கணக்குத் தெரியுமோ? மச்சான்ரை வீட்டுக் கதவை நான் அடிச்சுச் சாத்தின சாத்திலை கண்ணாடி தெறிச்சது. தெறிக்கட்டும்.

பேந்து முப்பத்திமூண்டு சன்னத்தையும் பொறுக்கத் தொடங்கினன். சிவகாமி தான் செய்த பிழைக்குப் பரிகாரமா ஒவ்வொரு வீடா ரெலிபோன் எடுத்தா, நான் ஒவ்வொரு வீடாப் போனன். நாலு கிழமை. மரியமலர் அக்கா வீட்டிலை கண்ணாடி அலுமாரிக்குள்ளை மாதாவுக்குப் பக்கத்திலை வைச்சிருந்தா. ஒரு பெடியன் துளை போட்டுச் சங்கிலியிலை கோத்திருந்தான். ஒருத்தர் சாமியறையிலை, தினமும் பூ வைச்சு. ஒருத்தர் கதவைச் சாத்திப்போட்டு, உண்மையைச் சொல்லும், உது அங்கை சண்டைக்குப் போறதுதானே எண்டு என்ரை காதுக்குள்ளை கேட்டார். அவருக்கு நான் சொன்ன மறுமொழியை இஞ்சை சொல்ல ஏலாது. நான் கழிச்சுக் கேப்பினம் எண்டு நினைச்ச சனத்திலை அரைவாசி கழிக்கவே இல்லை எண்டு அப்பதான் எனக்குத் தெரிஞ்சது.

நாற்பத்தொண்டு சேந்திட்டுது. கடைசி ஒண்டு கோதை எண்ட ஒரு இளம் பொம்பிளையின்ரை வீட்டிலை. அவவும் அவவின்ரை மனிசன் கிரிதரும் தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை, விழாவுக்கு அயலவரோடை வந்தவையாம். பாவம், என்ன நடக்குதெண்டே அதுகளுக்குத் தெரியாது.

"தட்டுல வெத்தலை குங்குமத்தோட நீட்டுனாங்க சார். ஏதோ பிரசாதம்னு எடுத்துக்கிட்டேன். எங்க வச்சேன்னு தெரியாம இருந்துச்சு, இன்னிக்குக் காலையில குழந்தை கையில பாத்தேன்" எண்டா.

அவ தந்த சன்னத்தை நான் வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தன். ஈயம் மெத்தெண்ட சாமான், எதையும் காட்டிக் குடுத்திடும். தலைப்பக்கத்திலை இரண்டு சின்னப் பதிவு. இருவது வருசமா இதுதானே என்ரை வேலை, எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. கீழ்ப்பக்கத்துப் பால்பல்லு இரண்டு, முளைச்சு மூண்டு நாலு மாசம். பிள்ளை எனக்கு முன்னாலை நிலத்திலை இருந்து சிரிச்சுக்கொண்டிருந்தது. இது ஈயம், நஞ்சு, இப்பவே டொக்டரிட்டைக் கொண்டுபோய் இரத்தத்தைச் சோதியுங்கோ எண்டு சொன்னன். கோதையின்ரை முகம் வெளிறிப் போச்சு. கிரிதர் கோட்டைக் கூடப் போடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாலாம் நாள் பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு மறுமொழி வந்தது. அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கேல்லை. பிள்ளைக்கு ஏதும் எண்டால் மச்சானைக் கொல்லுறதோ என்னைக் கொல்லுறதோ எண்டு யோசிச்சுக்கொண்டு கிடந்தன்.

ஐஞ்சாம் நாள் அந்தச் சன்னத்தை மச்சான்ரை சாப்பாட்டு மேசையிலை கொண்டுபோய் வைச்சன். கத்தேல்லை. கத்துறதுக்கு என்னட்டை ஒண்டும் மிச்சமில்லை. அந்த இரண்டு பதிவும் என்னெண்டு மட்டும் சொன்னன். மச்சான் அதைக் கன நேரம் பாத்துக்கொண்டிருந்தார். தொடேல்லை. எழும்பிப் போய் யன்னலடியிலை நிண்டார். முதுகு குலுங்கினது. பேந்து, எத்தினை மணிக்கு வரவேணும் எண்டு கேட்டார்.

மாசிக் கடைசியிலை இரண்டு பேரும் பொலிஸுக்குப் போனம். அதிகாரியின்ரை மேசையிலை என்ரை துவக்கு, அதுக்குப் பக்கத்திலை நான் வைச்ச பெட்டி. அவ நாற்பத்திரண்டையும் எண்ணினா. இது இந்தத் துவக்குக்குத்தான் எண்டு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டா. நான் துவக்கின்ரை பின்பக்கத்தைத் திறந்து, ஒண்டைப் பெருவிரலாலை தள்ளினன். போய், முட்டி நிண்டது. நீங்களும் தள்ளிப் பாருங்கோ எண்டன். அவ இன்னொண்டை எடுத்துத் தள்ளினா. அதுவும் அதே இடத்திலை நிண்டது. உங்கடை துவக்கு எதிலையும் இது நிக்காது, உலகத்திலை வேறை எந்தத் துவக்கிலையும் நிக்காது, இந்த ஒரு வாய்க்குச் செய்த பல்லு எண்டு சொன்னன். பிள்ளை கடிச்சதையும் எடுத்து விட்டா. அது அரைவாசியிலை சிக்கிக்கொண்டுது. வெளியிலை எடுத்து அந்தப் பதிவை அவ விரலாலை தடவிப் பாத்தா, நான் என்னெண்டு சொன்னன். அவவும் பேரப்பிள்ளை கண்டவவாக்கும், அதை மட்டும் ஒரு கடதாசியிலை சுத்தித் தனியா வைச்சா.

பேந்து மச்சானைக் கேட்டா. மச்சான் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மேடையிலை அவ்வளவு தமிழ் பேசுற மனிசனுக்கு நொர்வேஜிய மொழி பேருந்து ஓட்டுற அளவுக்குத்தான் வரும். அதாலை நேரை சொன்னார்.

"நான் பொய் சொன்னனான். அவர் செய்தது நாற்பத்திரண்டு. ஆயிரம் எண்டது நான். ஒளிச்சுச் செய்தவர் எண்டதும் நான். எனக்குக் கை தட்டு வேணும், அதுக்காக மேடையிலை எப்பவும் பொய் சொல்லுறனான்."

அறுபது வயசு மனிசன், ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளைக்கு முன்னாலை, கழுத்துப்பட்டியோடை. எனக்கு அவற்றை முகத்தைப் பாக்க ஏலாமல் இருந்தது. ஆனா ஒரு பக்கத்தாலை திருப்தியாவும் இருந்தது, நான் உங்களுக்குப் பொய் சொல்லேல்லை. படட்டும் எண்டு நினைச்சன்.

அதிகாரி பேனையை வைச்சுப்போட்டு என்ரை பக்கம் திரும்பினா. விழாப் படத்தை எடுத்து மேசையிலை வைச்சா. படத்திலை எனக்குப் பொன்னாடை கிடக்குது, நான் பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன்.

"இவர் பொய் சொன்னவர் எண்டு விளங்குது" எண்டா. "நீங்கள் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள். ஏன் மறுக்கேல்லை?"

இனி உள்ளதைச் சொல்லுறன். என்னை ஒருத்தரும் மேடைக்கு இழுக்கேல்லை. பேரைக் கூப்பிட்ட உடனை எழும்பி, கோட்டுப் பொத்தானைப் பூட்டி, தலையைத் தடவிக்கொண்டு நானாத்தான் ஏறினனான். தட்டத்தைக் கண்டு துணுக்குற்றது உண்மை. ஆனா எவருக்கும் தெரியாமல் எண்டு சொன்னதும் எனக்குக் கேட்டது, ஆயிரமாயிரம் எண்டதும் கேட்டது. அதுக்குப் பிறகு முந்நூறு சனம் கை தட்டிச்சுது. இருவது வருசமா ஒரு மூலையிலை இருந்து பல்லு உரஞ்சினவனுக்கு எங்கடை சனம் தட்டின முதல் கை. எனக்கு அது இனிச்சுது. இன்னும் ரெண்டு வசனம் சொல்லட்டும் எண்டு நிண்டனான். மைக் எனக்கு ஒரு கை நீளத்திலைதான் இருந்தது.

இதை அவவுக்குச் சொன்னால் அட்டை போச்சு எண்டு எனக்குப் பட்டுது. பொய்யெண்டு தெரிஞ்சும் சிரிச்சுக்கொண்டு நிண்ட மனிசன்ரை கையிலை ஆர் துவக்கைத் திருப்பிக் குடுப்பினம்?

"நான் ஏறமாட்டன் எண்டுதான் சொன்னனான்" எண்டன். "மச்சான்தான் கையைப் பிடிச்சு இழுத்தவர். மறுத்துச் சொல்ல மைக்கைக் கேட்டனான், தரேல்லை."

அதிகாரி மச்சானைப் பாத்தா. மச்சான் என்னைப் பாத்தார். அந்தப் பார்வையிலை கோவம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பன். கோவம் இருக்கேல்லை. அவர் அதிகாரியின்ரை பக்கம் திரும்பினார்.

"ஓம்" எண்டார். "நான்தான் இழுத்தனான். அவர் கேட்டவர், நான் மைக்கைக் குடுக்கேல்லை."

அவ அதை எழுதி, அவரட்டைக் கையெழுத்து வாங்கினா. மேசை லாச்சியைத் திறந்து என்ரை அட்டையை எடுத்து எனக்கு முன்னாலை வைச்சா. வெளியிலை பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் துவக்குப் பையைத் தோளிலை போட்டுக்கொண்டு படியிலை நிண்டன், அவர் குடையை விரிச்சு என்ரை தலைக்கும் பிடிச்சுக்கொண்டு தரிப்பிடம் வரைக்கும் வந்தார். வாய் மூடாத மனிசன், வழி முழுக்க ஒரு சொல்லும் சொல்லேல்லை. ட்ராம் வர, ஏறு எண்டு கையாலை காட்டினார். அடுத்த வருசம் சங்கத் தலைவர் பதவிக்கு அவர் நிக்கேல்லை. ஏனெண்டு ஒருத்தருக்கும் சொல்லவும் இல்லை, சிவகாமிக்குக் கூட.

துரொண்ட்ஹெய்முக்குப் போனன். சன்னம் சொன்ன இடத்துக்குப் போச்சு, எங்கடை அணி மூண்டாவதா வந்தது. டோர்ஸ்டைன் கை குடுத்தான். மச்சான் வீட்டுப் பக்கம் நான் பிறகு போகேல்லை. கோயிலிலை கண்டால் தூணுக்கு மற்றப் பக்கத்தாலை போறன். இரவிக்கு மச்சானோடை இன்னும் கோவம் தீரேல்லை எண்டு சனம் கதைக்குது, சிவகாமியும் அப்பிடித்தான் நினைச்சு, போதும் விடுங்கோ எண்டு என்னைப் பேசுறா. நானும் ஓம் எண்டு சொல்லுறன். கோவம் எண்டால் நேரை போய் முகத்தைப் பாத்துச் சண்டை பிடிக்கலாம்.